ஆதார் க்யூஆர்: மாஹேவுக்கு இடம் உண்டு, புதுச்சேரிக்கு இல்லை

இரண்டு மாசமா எங்க வீட்டில் ஒரே பேச்சுதான், அம்மாவின் குடும்ப ஓய்வூதியம். அம்மா பேரில் ஒரு 'ழ' இருக்கு. அப்பாவின் பணிப் பதிவேட்டில் யாரோ ஒரு எழுத்தர் அதை ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போட்டு எழுதியிருக்கார். ஆதாரில் வெறும் எல். போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் அட்டையின் க்யூஆரை ஸ்கேன் பண்ணி, திரையைப் பார்த்துட்டு, "பேரு மேட்ச் ஆகலைம்மா, நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

அம்மா அட்டையைத் திருப்பிக் காட்டி, "ரெண்டுலயும் தமிழ்ல ஒரே மாதிரிதானேப்பா இருக்கு?" என்று கேட்டாங்க. அவர் பொறுமையாத்தான் பதில் சொன்னார்: "இருக்கும்மா. ஆனா சிஸ்டத்துல தமிழ் வராது."

அவர் மேல் தப்பில்லை. ஆனா "தமிழ் வராது" என்பது என் தொழிலில் இருக்கிறவனுக்கு ஒரு கேள்வி. ஏன் வராது? யார் தீர்மானிச்சது? அன்னிக்கு ராத்திரி அம்மாவின் அட்டையை எடுத்து வெச்சுக்கிட்டு, க்யூஆருக்குள்ளே என்ன இருக்குன்னு ஒவ்வொரு பைட்டாப் பிரிச்சுப் பார்த்தேன். அந்த வடிவத்தைப் பற்றிய விமர்சனம்தான் இந்தக் குறிப்பு. 'தகவலை உரையாக அனுப்பணுமா, பைனரியாக அனுப்பணுமா' என்று பல வருஷமா நடக்கிற சண்டையில் நான் எங்கே நிற்கிறேன் என்பதும் இதில் வரும்.

பழையது: யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம்

பழைய ஆதார் அட்டை உங்களிடம் இருந்தால், சாதாரண க்யூஆர் ஆப் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்க. எக்ஸ்எம்எல் உரை வரும். பேர், பிறந்த வருஷம், பாலினம், முகவரி எல்லாம் அதனதன் பெயர்ச்சீட்டோடு இருக்கும். முழு 12 இலக்க எண்ணும் இருக்கும். எந்த ஆவணத்தையும் படிக்காமலே பத்து நிமிஷத்தில் இதற்கு ஒரு நிரல் எழுதிடலாம். உரை வடிவத்தின் பெரிய பலம் அதுதான், தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும்.

பலவீனமும் அதே இடத்தில்தான். அதில் டிஜிட்டல் கையொப்பம் கிடையாது. நோட்பேடில் பேரை மாற்றி, புது க்யூஆர் போட்டு, அட்டையில் ஒட்டிட்டா ஸ்கேனருக்கு வித்தியாசம் தெரியாது. படம் இல்லாததால், அட்டையில் இருக்கும் முகம் அந்தப் பேருக்கு உரியதுதானா என்றும் சரிபார்க்க முடியாது.

புதியது: உள்ளே பைனரி, வெளியே வெறும் இலக்கம்

2018இல் வந்த 'பாதுகாப்பான க்யூஆர்' இந்தக் குறைகளைத் தீர்த்தது. இதைச் சாதாரண ஆப்பில் ஸ்கேன் பண்ணினா ஆயிரக்கணக்கான இலக்கம் கொண்ட ஒரே ஒரு எண் வரும். முதல் தடவை பார்க்கிறவங்க ஏதோ ரகசியக் குறியாக்கம்னு நினைச்சுப்பாங்க. அப்படி இல்லை. அந்த எண்ணை பைட்டுகளா மாற்றணும். ஜிஜிப் சுருக்கத்தை விரிக்கணும். உள்ளே பேர், பிறந்த தேதி, முகவரிப் பகுதிகள் ஒரு நிலையான வரிசையில் இருக்கும். பிறகு ஜேபெக் 2000 வடிவத்தில் ஒரு சின்னப் படம், கடைசி 256 பைட்டில் டிஜிட்டல் கையொப்பம். முழு ஆதார் எண் இல்லை, கடைசி 4 இலக்கம் மட்டும். இணையமே இல்லாத இடத்திலும் கையொப்பத்தைச் சரிபார்த்துக்கலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, பைட்டுகளைப் பத்தடி எண்ணாக மாற்றும் தந்திரம். க்யூஆருக்கு நேரடியா பைட்டுகளைச் சேமிக்கும் முறையும் உண்டு. மிகப் பெரிய க்யூஆரில், குறைந்த பிழைத்திருத்த நிலையில், 2953 பைட் கொள்ளும். பின்னே ஏன் சுற்றி வளைக்கணும்? ஏன்னா பல ஸ்கேனர்கள் கிடைக்கிற பைட்டுகளை 'இது உரைதான்' என்று நம்பி ஏதாவதொரு எழுத்து அட்டவணையை வைத்து மொழிபெயர்க்கப் பார்க்கும். நடுவில் பூஜ்ய பைட் வந்தா சிலது அதோடு நின்னுடும். பைனரி அந்த வழியில் பத்திரமா போய்ச்சேராது. 0 முதல் 9 வரையான இலக்கத்தை மட்டும் எந்த ஸ்கேனரும் கெடுக்காது.

இதுக்கு என்ன விலை? அதே க்யூஆரில் 7089 இலக்கம் கொள்ளும். கணக்குப் போட்டால் 2943 பைட். நேரடி முறையைவிட வெறும் 10 பைட்தான் இழப்பு! மின்னஞ்சல் இணைப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படும் பேஸ்64 முறையில் போயிருந்தால் 2214 பைட்தான் கிடைத்திருக்கும். பைனரியை உரைபோல வேஷம் போட்டு அனுப்புவதில் இவ்வளவு சிக்கனமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. யார் யோசிச்சாங்களோ, அவங்களுக்கு ஒரு சல்யூட்.

255 என்ற சுவர்

பாராட்டு இதோடு முடியுது. ஒரு புலத்துக்கும் அடுத்த புலத்துக்கும் நடுவே சுவராக வைத்திருப்பது 255 என்ற மதிப்புள்ள பைட். 'அடுத்து வருவது இத்தனை பைட்' என்று நீளம் சொல்லும் ஏற்பாடு கிடையாது. ஜேபெக் 2000இன் உட்குறிகள் எல்லாமே 255இல்தான் தொடங்கும், அதனால் படத்துக்குள்ளே இந்தச் சுவர் ஏகப்பட்ட தடவை வரும். படிக்கும் நிரல் என்ன பண்ணணும்? இத்தனை சுவர் தாண்டியாச்சு, இனிமே படம் என்று எண்ணிக்கையை வைத்து நிறுத்தணும். படம் எங்கே முடியுது என்பதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கழித்துக் கண்டுபிடிக்கணும்.

நீளம் சொல்வது ஒன்றும் புதுசில்லை. கடைகளில் பார்க்கும் பாரத் க்யூஆரில் ஒவ்வொரு புலத்துக்கும் முன்னே அடையாள எண்ணும் நீளமும் இருக்கும். தெரியாத புலம் வந்தால் அத்தனை எழுத்தைத் தாண்டிக் குதிச்சுப் போய்டலாம். ஆதாரில் அந்த வசதி இல்லை. பிந்தைய அட்டைகளில் முன்னாலே ஒரு பதிப்பு எண் புலத்தைச் சேர்த்தாங்க. பழைய வரிசையை நம்பி எழுதின நிரலுக்கு எல்லாப் புலமும் ஒரு இடம் தள்ளிப்போச்சு. பதிப்பு எண் என்பது முதல் நாளே இருக்க வேண்டியது. வீடு கட்டி முடிச்ச பிறகு அஸ்திவாரத்தில் கம்பி சொருக முடியாது.

இதெல்லாம் பொறியாளர்கள் திட்டிக்கிட்டே சமாளிச்சுடும் விஷயம். அம்மாவைத் திருப்பி அனுப்பியது வேறொன்று.

எந்த அட்டவணை?

அந்தப் புலங்களில் இருக்கும் எழுத்துகளுக்கான குறிமுறை ஐஎஸ்ஓ 8859-1. 1987இல் வந்த தரம். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், மொத்தமே 256 இடம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்தது. தமிழுக்கு அதில் ஒரு இடம்கூடக் கிடையாது. இந்தி, தெலுங்கு, வங்காளம் எதுக்குமே கிடையாது.

இது எங்க ஊரில் எப்படி இருக்குன்னு பாருங்க. எங்க யூனியன் பிரதேசத்தில் நாலு பகுதி: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். மக்கள் பேசுவது தமிழ், மலையாளம், தெலுங்கு. இந்த மூன்று மொழியும் அந்த அட்டவணைக்குள் போகாது. ஆனா மாஹேயின் பேரை பிரெஞ்சுக்காரன் எழுதியபடி, கடைசி எழுத்தின் தலையில் சாய்ந்த கோட்டோடு எழுதினா கச்சிதமா நாலு பைட்டில் உட்காரும். வெள்ளை நகரத் தெருப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, அதில் பிரெஞ்சுப் பாதி உள்ளே போகும், தமிழ்ப் பாதி வாசலில் நிற்கும். பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தை விட்டுக் கொடுத்தது 1954இல். 2018இல் இந்திய அடையாள அட்டைக்கு எடுத்த முடிவில் அவங்க எழுத்துக்கு இன்னும் இடம் இருக்கு.

இன்னொரு வேடிக்கை. 255 என்பது இந்த அட்டவணையில் ஒரு நிஜ எழுத்து, ஒய் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி. பிரெஞ்சு ஊர்ப் பேர்களிலும் குடும்பப் பேர்களிலும் அபூர்வமாக வரும். பாரிஸ் பக்கத்தில் ஒரு ஊரின் பேரிலேயே இருக்கு. அந்த எழுத்து உள்ள பேர் ஒன்று ஆதாரில் ஏறினால் நடுவில் சுவர் எழும்பி இரண்டு புலமா உடைஞ்சிடும். இந்தியாவில் இது நடக்கிற வாய்ப்பு மிகக் குறைவு, ஒப்புக்கறேன். ஆனா இதை ஏன் சொல்றேன்னா, யூடிஎஃப்-8 குறிமுறையில் 255 என்ற பைட் எந்தக் காலத்திலும், எந்த மொழியிலும் வராது. விதியிலேயே இல்லை. அதாவது அவங்க தேர்ந்தெடுத்த சுவர், அவங்க தேர்ந்தெடுக்காத குறிமுறைக்குத்தான் கனகச்சிதமாகப் பொருந்துது! யூடிஎஃப்-8 வைத்திருந்தால் எழுத்துப் புலங்களில் சுவரும் பத்திரம், அம்மாவின் 'ழ'வும் பத்திரம்.

இடம் போதாதா?

'தமிழ் அதிக இடம் பிடிக்கும்' என்பார்கள். உண்மைதான். 'புதுச்சேரி' என்ற சொல்லில் யூனிகோடு கணக்குப்படி 10 குறிகள் இருக்கு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 30 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 10தான். மூன்று மடங்கு.

ஆனா எதோடு ஒப்பிடறோம்? கையொப்பம் மட்டுமே 256 பைட். அது ஆர்எஸ்ஏ முறை. நீள்வட்ட வளைவு முறையில் பரவலாகப் புழங்கும் ஒரு கையொப்பம் 64 பைட்டில் முடியும். மிச்சமாகும் 192 பைட்டில் 64 தமிழ்க் குறிகள் வைக்கலாம். பேர், அப்பா பேர், ஊர்ப் பேர் மூணுக்கும் பெரும்பாலும் போதும். அதுவும் ஜிஜிப் சுருக்குவதற்கு முன்னாலுள்ள கணக்கு. ஆக, இடம் இருந்தது. அதைத் தமிழுக்குக் கொடுக்கணும்னு யாருக்கும் தோணலை.

தோணினவங்க எப்படிச் செய்தாங்க என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கொரோனா சான்றிதழ் நல்ல உதாரணம். 2021இல் வந்தது. அதுவும் பைனரிதான்: சிபார் என்ற வடிவம், அதன் மேல் கையொப்பம், பிறகு சுருக்கம், கடைசியில் க்யூஆருக்கு ஏற்ற பேஸ்45. ஆதாரின் பத்தடி எண்ணைவிடக் கொஞ்சம் அதிக இடம் பிடிக்கும், மிகப் பெரிய க்யூஆரில் 2864 பைட். ஆனா ராட்சத எண் கணக்கு தேவையில்லை, இரண்டிரண்டு பைட்டாகப் போய்க்கிட்டே இருக்கலாம். முக்கியம் அது இல்லை. அதில் ஒவ்வொரு பேருக்கும் இரண்டு புலம்: ஒன்று அந்த நாட்டு எழுத்திலேயே, இன்னொன்று கடவுச்சீட்டு விதிப்படி ரோமன் எழுத்தில். கிரேக்கக்காரர் பேர் கிரேக்கத்திலும் இருக்கும், பல்கேரியர் பேர் சிரில்லிக்கிலும் இருக்கும். சரிபார்க்கிறவருக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம்.

அதே 2021இல் நம்ம கோவின் சான்றிதழ் வேறு வழியில் போச்சு. அதன் க்யூஆருக்குள் இருப்பது ஒரு ஜிப் கோப்பு, அதுக்குள்ளே ஜேசான் உரை. விரிச்சால் கண்ணால் படிக்கலாம். ஆனா உரையில் கையொப்பம் போடுவதில் ஒரு தலைவலி உண்டு. ஒரே தகவலை உரையில் பல விதமா எழுதலாம். இடைவெளி மாறலாம், புலங்களின் வரிசை மாறலாம். பொருள் ஒன்றுதான், பைட் வேறு. கையொப்பம் பைட்டின் மேல் நிற்பது. அதனால் முதலில் உரையை ஒரு நியமமான வடிவத்துக்கு மாற்றணும், அதுக்கென்று தனி விதிகள், அந்த விதிகளை எல்லா நிரலும் ஒரே மாதிரி பின்பற்றணும். பைனரியில் இந்தச் சுமை குறைவு, இருக்கிற பைட்டின் மேல் அப்படியே கையொப்பம்.

உரை என்று ஒன்று இருக்கா?

இப்போ பெரிய சண்டைக்கு வருவோம். இணையத்தில் 1997இன் ஹெச்டிடிபி 1.1 உரை. அதைப் படிக்கும் நிரல்கள் ஒரே கோரிக்கையை இரண்டு விதமாப் புரிஞ்சுக்கிட்டு, ஒரு கோரிக்கை எங்கே முடியுது என்பதிலேயே ஏமாந்து போன தாக்குதல்கள் உண்டு. 2015இன் ஹெச்டிடிபி 2 பைனரி. வங்கிகளில் நேர் எதிர்த்திசை. ஏடிஎம் அட்டைகளுக்கான 1987இன் ஐஎஸ்ஓ 8583 தரம், எந்தப் புலம் இருக்கு, எது இல்லை என்பதை 64 பிட் கொண்ட ஒரு வரைபடத்தில் சொல்லும். பிறகு வந்த யுபிஐ எக்ஸ்எம்எல் உரை. ரிசர்வ் வங்கியின் ஆர்டிஜிஎஸ்ஸும் 2013இல் ஐஎஸ்ஓ 20022இன் எக்ஸ்எம்எல்லுக்கு மாறிடுச்சு. ஒரு பக்கம் உரையிலிருந்து பைனரிக்கு, இன்னொரு பக்கம் பைனரியிலிருந்து உரைக்கு. எது முன்னேற்றம்?

பழைய தந்தி ஆபீஸை நினைச்சுப் பாருங்க. கல்யாண வாழ்த்துத் தந்திக்கு முழு வாக்கியம் எழுத வேண்டாம், பட்டியலில் உள்ள எண்ணைக் கொடுத்தால் போதும். அந்தப் பக்கத்து ஆபீஸில் அதே பட்டியல் இருக்கும், முழு வாழ்த்தாக எழுதிக் கொடுப்பாங்க. 2013 ஜூலையில் தந்தியே நின்னு போச்சு. இரண்டு வருஷம் கழிச்சு வந்த ஹெச்டிடிபி 2இன் தலைப்புச் சுருக்கத்தில் இதே ஏற்பாடு: 61 வரி கொண்ட ஒரு பட்டியல், 'கெட்' கோரிக்கைக்கு எண் 2, 'எல்லாம் சரி' என்ற 200 பதிலுக்கு எண் 8. இரண்டு பக்கமும் பட்டியல் இருந்தால் எண் போதும்.

உரையும் அதேதான். ரோமன் எழுத்துக்கான பட்டியல் எல்லார் கணினியிலும் முதல் நாளிலிருந்தே இருந்ததால், ஆங்கிலக்காரருக்கு 'உரை' இயற்கையாகவே படிக்கக்கூடியதாத் தெரியுது. நமக்கு அப்படி இருக்கலை. தொண்ணூறுகளில் தமிழ் மின்னஞ்சல் வாங்கினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அனுப்பினவர் டிஸ்கியில் எழுதியிருப்பார், நம்மிடம் வேற எழுத்துரு. திரை முழுக்கத் தலையில் கொம்பு முளைச்ச ரோமன் எழுத்துகள். சொல்லப்போனால் இதே 8859-1இன் எழுத்துகள்தான்! அது உரையா, பைனரியா?

சிக்கனம் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற குறிமுறையையும் ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரே குறி. 'புதுச்சேரி' ஐந்து எழுத்து, பத்தே பைட், ஆங்கிலத்துக்குச் சமம். அழகான கணக்கு. ஆனா அந்த அட்டவணை உலகத்தில் மற்றவர்கள் கையில் இல்லை. அதனால் பரவலை.

ஆக, என்னைப் பொறுத்தவரை உரையா பைனரியா என்பது இரண்டாவது கேள்வி. அட்டவணை யார் கையில் இருக்கு, அதில் யாருக்கு இடம் இருக்கு என்பதுதான் முதல் கேள்வி. ஆதாரின் பைனரிக்கு விளக்க ஆவணம் பொதுவில் கிடைக்குது, பொதுச் சாவியும் கிடைக்குது. அதனால்தான் புதுச்சேரியில் உட்கார்ந்து நானே பிரிக்க முடிஞ்சது. அந்த வகையில் அது திறந்த வடிவம்தான், அதில் எனக்குக் குறையில்லை. இரண்டாவது பகுதியில்தான் தோத்துப் போச்சு. அதே வடிவத்தை உரையாகச் செய்திருந்தாலும், அட்டவணை 8859-1 என்றால் அம்மாவுக்கு அதே பதில்தான் கிடைச்சிருக்கும். ஐரோப்பியச் சான்றிதழ் பைனரியாக இருந்தும் கிரேக்க எழுத்தை வைத்துக்கொண்டது.

திருத்த முடியுமா? முடியும். பதிப்பு எண் புலம்தான் இப்போ வந்தாச்சே. அடுத்த பதிப்பில் குறிமுறையை யூடிஎஃப்-8 ஆக்கி, அட்டையில் ஏற்கெனவே அச்சடிக்கிற உள்ளூர் மொழிப் பேருக்கு ஒரு புலம் சேர்த்தால் போதும். அச்சில் இருப்பது தரவிலும் இருக்கட்டும் என்பதைத் தவிர நான் எதுவும் புதுசாக் கேட்கலை. 'ழ'வை இசட்-ஹெச் என்பதா எல் என்பதா என்ற சண்டை ரோமன் எழுத்தில்தான். தமிழில் அந்தக் கேள்வியே எழாது.

அஃபிடவிட் போன வாரம் வாங்கியாச்சு. இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரே நபரைத்தான் குறிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நோட்டரி படிச்சுக் காட்டினார். அம்மா தலையாட்டிட்டு, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாங்க.